வேஷக் கப்பலும் காயப்போட்ட சட்டைகளும்

அந்தச் சனிக்கிழமை, ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து ஸ்காபரோ வரும் வரைக்கும் காரில் என் மனைவி ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். மேசை போக வேண்டும். வீட்டின் கீழறையை, பேஸ்மென்ற்றை, முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கிற, நீலம் பூசிய, என் கையாலேயே பலகை அறுத்துச் செய்த மேசை. அதன்மேல்தான் என் கப்பல்கள் நிற்கின்றன. விரல் நீளத்தில் சில, முழங்கை நீளத்தில் சில. அவளுடைய ஒன்றுவிட்ட அக்காவின் மகள் படிக்க வருகிறாள், அந்தப் பிள்ளைக்கு இடம் வேண்டும், உங்கள் சமுத்திரத்தைச் சுருட்டி எடுங்கள் என்பதுதான் வழக்கு.

நியாயம் அவள் பக்கம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. நியாயம் என் பக்கம் இருந்தால் நான் மிகவும் அமைதியாகப் பேசுகிற ஆள்.

பிக்கறிங்கைத் தாண்டும்போது வாய் சும்மா இருக்காமல் ஒரு பந்தயம் வைத்தேன். இன்றைய விளையாட்டில் நான் வென்றால் மேசை இருந்த இடத்திலேயே இருக்கும், அந்தப் பிள்ளைக்கு மேலே என் கொம்பியூட்டர் அறையை ஒதுக்கிக் கொடுப்பேன். தோற்றால் நாளைக் காலையே நானே மரம் அறுக்கிற வாளை எடுத்து மேசையை அறுத்துக் குப்பைக்குப் போடுவேன். அவள் யோசிக்கவே இல்லை, ஓம் என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது? இந்த விளையாட்டில் நான் ஒருநாளும் வென்றதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

நான் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கம்பனியில் வேலை செய்கிறவன். கிழமை முழுக்க மற்றவர்களின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் தொழில். மாதம் ஒருமுறை, ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தின் பின் அறையில், ஐந்தாறு பைத்தியங்கள் கூடிக் கடற்போர் விளையாடுவோம். மற்ற விளையாட்டெல்லாம் வந்து போகும். ஆனால் வருஷத்தில் ஒருநாள், இலையுதிர் காலத்தில், வேஷக் கப்பல் விளையாட்டு வரும். அந்த நாளுக்காகத்தான் நான் மற்ற நாளெல்லாம் உயிரோடு இருக்கிறேன் என்று மனைவி சொல்வாள். அது முழுப் பொய்யில்லை.

வேஷக் கப்பல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை வேட்டையாடின. நீர்மூழ்கியில் டோர்பிடோ கொஞ்சம்தான் இருக்கும். ஒரு பழைய நிலக்கரிக் கப்பலுக்கு அதைச் செலவழிக்க மனம் வராது. அதனால் மேலே வந்து, தளத்திலிருக்கிற பீரங்கியால் சுட்டு மிரட்டி, ஆட்கள் உயிர்காப்பு வள்ளத்தில் இறங்கி ஓடிய பிறகு, கிட்டப் போய் ஆற அமர மூழ்கடிப்பார்கள். இதைக் கண்டுகொண்ட பிரிட்டிஷ் கடற்படை ஒரு தந்திரம் செய்தது. துருப்பிடித்த சரக்குக் கப்பல்களை எடுத்து, பெட்டி போலவும் கோழிக்கூடு போலவும் செய்த மறைப்புகளுக்குள் பீரங்கிகளை ஒளித்து வைத்தது. கப்பல் அடிபட்டாலும் தாழாமல் மிதக்க வேண்டுமென்று வயிறு நிறைய மரக்குற்றிகளை அடைத்தது. கடற்படைக்காரர் தாடி வளர்த்து, கிழிந்த சட்டை போட்டு, கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு உலாவினார்கள். பாய்மரத்துக்கும் புகைபோக்கிக்கும் நடுவில் கயிறு கட்டி உடுப்புக் காயப்போட்டார்கள். போர்க்கப்பலில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள் அல்லவா?

சுவாரசியம் இனிமேல்தான். நீர்மூழ்கி சுட்டதும் கப்பலில் பாதிப்பேர் பயந்தவர்கள் போல நடித்து வள்ளத்தில் ஏறி ஓடுவார்கள். அதற்கென்றே பழக்கிய ஆட்கள். ஒரு கப்பலில் பஞ்சடைத்த கிளியைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். மிச்சப் பேர் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கிடப்பார்கள். ஷெல் வந்து விழும், பக்கத்தில் தீப்பிடிக்கும், கூட இருந்தவன் காயப்படுவான், ஒருவரும் அசையக் கூடாது. கப்பல் வெறுங்கப்பல் என்று நம்பி நீர்மூழ்கி கிட்ட வர வேண்டும். வந்ததும் பொய்க்கொடியை இறக்கி, கடற்படைக் கொடியை ஏற்றி, மறைப்புகளைக் கீழே விழுத்தி, வெடி. இதை எழுதும்போதே எனக்குக் கை மயிர் சிலிர்க்கிறது.

இதையெல்லாம் காரில் அவளுக்கும் சொன்னேன். சொல்லும்போது ஸ்டியறிங்கை விட்டு இரண்டு கையாலும் பீரங்கி காட்டினேன் என்று பிற்பாடு குற்றச்சாட்டு வந்தது. அவள் கேட்டு முடித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஒரு கேள்வி கேட்டாள்.

"உப்பிடி ஏமாத்தினால், பேந்து உண்மையா ஓடுற சனத்தை ஆர் நம்புவினம்?"

எனக்குப் பதில் தெரியும். நம்பவில்லை. வேஷக் கப்பல்கள் வந்த பிறகு நீர்மூழ்கிகள் எச்சரிக்கை கொடுப்பதைக் குறைத்துக்கொண்டன. உண்மையான சரக்குக் கப்பல்களையும் கேள்வியில்லாமல் அடித்தன. புத்தகங்களில் அது ஒரு பந்தியாக இருக்கும், நான் அந்தப் பந்தியை வேகமாக வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறவன். அதை அவளுக்குச் சொல்லாமல் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினேன்.

அவள் அன்றைக்கு என்னோடு வந்ததற்குக் காரணம் விளையாட்டில்லை. பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு பார்ட்டி ஹோலில் சாமத்திய வீடு, ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சடங்கு. விளையாட்டு முடிய நேரே அங்கே போவதாக ஏற்பாடு. அதனால் காஞ்சிபுரம் சேலையும், தலையில் பூவும், காதில் கல்லுத்தோடுமாக அந்தச் சமூக நிலையத்துக்குள் வந்தாள். பக்கத்து அறையில் யோகா வகுப்புக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். அவள் ஒரு மூலையில் கதிரையைப் போட்டு, ஃபோனை எடுத்துக்கொண்டு, உங்கள் யுத்தத்தை நடத்துங்கள் என்பது போல உட்கார்ந்தாள்.

நடுவரை நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்போம். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம், ஸ்காபரோவில் எலெக்ரீஷியன் வேலை செய்கிறவர். எங்களைப் போலவே இலங்கையின் வடக்கிலிருந்து ஓடி வந்தவர்தான். யாருக்குப் பயந்து ஓடினார் என்பதில் எங்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் உண்டு, நாங்கள் ராணுவத்துக்கு, அவர் எங்கள் இயக்கத்துக்கு, அதை நாங்கள் இருவரும் பேசுவதில்லை. நடுவராக அவரைப் போல நேர்மையான மனிதர் கிடையாது. அறையின் நடுவில் அவர் ஒரு மடக்குத் திரை வைப்பார். திரைக்கு இந்தப் பக்கம் கப்பல்காரர்கள். அந்தப் பக்கம் நீர்மூழ்கித் தலைவர், தனியாக. நாங்கள் செய்வதை நானாவின் காதில் சொல்ல வேண்டும். அவர் அந்தப் பக்கம் போய், பெரிஸ்கோப்பில் என்ன தெரியுமோ அதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வார்.

நீர்மூழ்கித் தலைவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். நெடுத்த, சிவந்த, பொறுமையான வெள்ளைக்காரர். நாங்கள் அவரை வாத்தியார் என்போம், அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்த நாளிலிருந்து அவருக்கும் அது பிடித்துப்போனது. அவரை ஏமாற்றிக் கிட்ட வரவைத்தவர் எங்கள் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆட்கள் ஓடுகிற விதத்தில் பிடித்துவிடுவார். ஒருமுறை என் ஆட்கள் கத்திக் குழறிக் கடலில் குதித்தார்கள். அவர் திரைக்குப் பின்னால் இருந்து கைதட்டி, நாடகம் பிரமாதம் என்று சொல்லிவிட்டு டோர்பிடோ விட்டார். அடுத்த முறை ஒழுங்காக இறக்கினேன். சரக்குக் கப்பலில் எவன் வரிசையில் நிற்பான் என்று கேட்டுவிட்டு டோர்பிடோ விட்டார்.

இந்தமுறை நான் பெரிய ஆயத்தத்தோடு வந்திருந்தேன். முழங்கை நீளத்தில் ஒரு கப்பல். துருவுக்குக் கோப்பித்தூளும் பசையும் கலந்து பூசியிருந்தேன். பின்தளத்தில் பெட்டி, பெட்டிக்குள் பீரங்கி, ஒரு நூலை இழுத்தால் நாலு பக்கமும் விழும். நூலில் காயப்போட்ட சட்டைகள்கூட இருந்தன. எல்லாம் இருந்தது, என் கூட்டாளி மட்டும் இல்லை. வேஷக் கப்பலுக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. ஒருவர் உள்ளே படுத்திருக்கும் பீரங்கிக்காரருக்குப் பொறுப்பு, மற்றவர் ஓடுகிற கூட்டத்துக்குப் பொறுப்பு. என் கூட்டாளி மாமியாரை எயர்போட்டில் எடுக்கப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டான்.

நானா அறையைச் சுற்றிப் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் சாதாரண சரக்குக் கப்பல்களை ஓட்ட வேண்டியவர்கள். பிறகு மூலைக்குப் போனார்.

"தங்கச்சி, ஒரு ஆள் குறையுது. கொஞ்ச நேரம் வந்து இருந்து தருவியளா?"

நான் தடுக்கப் பார்த்தேன். யோசித்துப் பாருங்கள். இந்தக் கப்பல் தாழ வேண்டும் என்று விரும்புகிற ஒரே ஆள் இந்த அறையில் அவள்தான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது? ஆனால் அவள் ஃபோனை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்துவிட்டாள். சாமத்திய வீட்டுக்கு அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டிருந்தால் எட்டு மணிக்குத்தான் பிள்ளை மேடைக்கு வரும், அதுவரை என்ன செய்வது என்பது அவள் சொன்ன காரணம். நான் அதை நம்பவில்லை.

இருந்ததும் நானாவிடம் விசாரணை தொடங்கினாள். இந்தக் கப்பலில் எத்தனை பேர்? ஓடுகிறவர்கள் யார் யார்? பெட்டிக்குள் படுத்திருப்பவர்கள் ஆறு பேர் என்று நானா சொன்னதும், அவர்களும் வள்ளத்தில் போக முடியாதா என்று கேட்டாள். முடியாது, கப்பல் தாழ்ந்தால் கப்பலோடு போக வேண்டியதுதான் என்றேன். அவள் கொஞ்ச நேரம் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தாள்.

"அவை சாப்பிட்டிட்டினமோ?"

நானா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. ஈயத்தில் செய்த ஆட்கள், அரிசி அளவு. ஆனால் நடுவர் என்ற முறையில் நானா தீர்ப்புச் சொன்னார்: மத்தியானம் சாப்பிட்டார்கள்.

விளையாட்டுத் தொடங்கியது. மற்ற இரண்டு கப்பல்களும் போனபின் எங்கள் முறை வந்தது. நானா அந்தப் பக்கம் போய்விட்டு வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: தூரத்தில் நீர்மூழ்கி மேலே வந்திருக்கிறது, முதல் ஷெல் கப்பலுக்கு முன்னால் தண்ணீரில் விழுந்திருக்கிறது. என் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். இந்த வயதில் வேறெதுக்கும் அப்படி அடிப்பதில்லை.

ஆட்கள் கத்திக்கொண்டு ஓடட்டும் என்றேன். மனைவி தலையை ஆட்டினாள்.

"பயந்த சனம் கத்தாதப்பா. எங்கட கிளினிக்குக்கு வாறவையைப் பாருங்கோ. உண்மையாப் பயந்தவை, காரை விட்ட இடம் சரியோ, டிக்கெற் போடுவாங்களோ எண்டுதான் கேப்பினம்."

அவள் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். பயந்த மனிதர்களை அவள் அளவுக்கு நான் பார்த்ததில்லை. அவள் நானாவின் காதில் சொன்னாள். ஒருவன் தன் சப்பாத்தைத் தேடுகிறான். ஒருவன் வள்ளத்தில் ஏறி இருந்துவிட்டுத் திரும்பவும் இறங்குகிறான். கப்பல் தலைவன் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லா இடமும் தேடுகிறான். நானா அதைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் சொன்னார். சிரிப்புச் சத்தமும் இல்லை, கைதட்டலும் இல்லை. வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்ல சகுனம்.

அடுத்த ஷெல் எங்கள்மேல் விழுந்தது. நானா பகடையை உருட்டினார். பின்தளத்தில் தீ. அடுத்ததும் விழுந்தது. பெட்டிக்குள் ஒருவனுக்குக் காயம். தீ மெல்ல மெல்லப் பெட்டிப் பக்கம் நகர்கிறது, உள்ளே வெடிமருந்து இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் பறக்கும். நீர்மூழ்கி இன்னும் தூரத்திலேயே நின்றது. அவ்வளவு தூரத்துக்கு எங்கள் பீரங்கி சுட்டால் படாது. தெரிந்தும் என் கை நூலைப் பிடித்துவிட்டது. இப்போது சுடுவோம், பட்டால் படட்டும் என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து மேசையில் அழுத்தினாள். வளையல்கள் குத்தின.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள்.

வள்ளம் கப்பலை விட்டு விலகிப் போனது. வாத்தியார் தண்ணீருக்குக் கீழே போனார். பெரிஸ்கோப் மட்டும் கப்பலைச் சுற்றி வருகிறது என்று நானா சொன்னார். இந்தக் கட்டம்தான் கொடுமை. ஓடினவர்கள் ஓடியாகிவிட்டது, இனி எங்களால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் சந்தேகப்பட்டால் டோர்பிடோ. ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. நானா அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்த முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கியது. வாத்தியார் டோர்பிடோவை ஆயத்தம் செய்யச் சொல்லிவிட்டார். அடுத்த முறையில் விடுவார்.

மேசை போய்விட்டது என்று நினைத்தேன். வாள் கராஜில் எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூட நினைத்தேன். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன், அவள் முகத்தில் வெற்றிக் களை இருக்கும் என்று எதிர்பார்த்து. அவள் என்னைப் பார்க்கவில்லை. தீ பிடித்ததாகச் சொல்லி நானா சிவப்புப் பஞ்சு வைத்திருந்த பின்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா, இப்ப அங்க என்ன நேரம்?"

பொழுது சாய்கிற நேரம், மேற்கே மழை இருட்டு என்று நானா சொன்னார். அது விளையாட்டின் தொடக்கத்திலேயே வாசித்த வானிலை. அவள் அவரைக் கிட்ட வரச் சொல்லி, எனக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"சமையல்காரன் வள்ளத்தைத் திருப்பச் சொல்லுறான். அவன் கப்பலில ஏறவேணும்."

"என்னத்துக்கு?" என்று நான்தான் கேட்டேன்.

"கயித்தில உடுப்புக் கிடக்கு. பொழுதுபடப் போகுது, மழையும் வருது. எடுத்துக்கொண்டு வாறானாம்."

எரிகிற கப்பல், நீருக்குக் கீழே எமன், இவள் உடுப்பு எடுக்க ஆள் அனுப்புகிறாள். இதுதான் அவளுடைய சதி, கடைசி நேரத்தில் கப்பலைக் கேலிக்கூத்தாக்கி முடிக்கிறாள் என்று உறுதியாக நம்பினேன். இது செல்லாது, எந்தப் புத்தகத்திலும் இப்படி இல்லை என்று நானாவின் காதில் முறையிட்டேன். எந்த நாட்டு மாலுமிக்கு, விளக்கு வைக்கிற நேரத்தில் கயிற்றில் உடுப்புக் கிடக்கக் கூடாது என்ற சாத்திரம் தெரியும்? அது எங்கள் அம்மாமாரின் சாத்திரம். நானா சிரிக்கவில்லை. அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, திரையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார்.

அவர் சொல்வது எங்களுக்குக் கேட்டது. வள்ளம் திரும்பி வருகிறது. ஒரு ஆள் மட்டும் ஏறுகிறான். கயிற்றிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறான். வள்ளத்தில் இருப்பவர்கள் அவனை ஏசுகிறார்கள். அவன் கேட்பதாக இல்லை. தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிறான்.

அந்தப் பக்கம் பென்சிலால் மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு வாத்தியார் சிரித்தார். அது கேலிச் சிரிப்பில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை கெட்டித்தனமில்லாமல் உண்மையைச் சொல்லும்போது வருகிற சிரிப்பு. கதிரை கிறீச்சிட்டது. நானா வந்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார். நீர்மூழ்கி மேலே வருகிறது என்றார். கிட்ட வருகிறது. டோர்பிடோவை மிச்சம் பிடித்து, பீரங்கியால் முடிக்கப் போகிறார்.

கிட்ட. இன்னும் கிட்ட. பெட்டிக்குப் பக்கத்தில் தீ. மனைவி என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. நீர்மூழ்கி எங்கள் பக்கவாட்டுக்கு நேராக வந்து நின்றது என்று நானா சொன்னதும், அவள் கையை எடுத்தாள்.

"இப்ப," என்றாள்.

பொய்க்கொடியை இறக்கினேன். கடற்படைக் கொடியை ஏற்றினேன். நூலை இழுத்தேன். பெட்டியின் நாலு பக்கமும் டப்பென்று விழுந்தன. நானா திரையை மடக்கினார், வேஷம் கலைந்தால் திரை விலக வேண்டும் என்பது எங்கள் விதி. திரை விலகியபோது வாத்தியார் வாய் திறந்தபடி இருந்தார். பகடை என் கையில். உருட்டினேன், பட்டது. உருட்டினேன், பட்டது. மூன்றாவதை உருட்டும்போது நான் கதிரைமேல் நின்றேன் என்று சொல்கிறார்கள், எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமிருப்பது நான் போட்ட கூச்சல். பக்கத்து யோகா வகுப்பிலிருந்து ஒரு பெண் வந்து கதவைத் தட்டி, யாருக்கும் ஆபத்தா என்று கேட்டாள். ஒரு நீர்மூழ்கி தாழ்ந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று நானா சொல்லி அனுப்பினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாத்தியாரைக் கட்டிப் பிடித்தேன், நானாவைக் கட்டிப் பிடித்தேன், சேலை கசங்கும் என்று மனைவி மட்டும் தப்பிக்கொண்டாள். வாத்தியார் எழும்பி வந்து, பட்டுச் சேலையோடு நின்ற என் கூட்டாளியை மேலும் கீழும் பார்த்தார். மரியாதையாகக் கை கொடுத்தார். எத்தனையோ வேஷங்களை நான் பிடித்திருக்கிறேன் என்றார். சட்டைகளை எடுக்க ஒருவன் திரும்பி வந்ததும், இப்படி ஒரு மடைத்தனத்தை எவனும் திட்டம் போட்டுச் செய்ய மாட்டான், இது உண்மையான சனம் என்று முடிவெடுத்தாராம். இதை எங்கே வாசித்தீர்கள் என்று அவளிடம் கேட்டார்.

வாசிக்கவில்லை என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். ஊரை விட்டு ஓடியபோது ஷெல் விழுந்துகொண்டிருந்தது, எல்லாரும் வாசல் படலைக்கு வந்தாயிற்று, அம்மா மட்டும் உடுப்பு எடுக்க வேண்டும் என்று திரும்பிப் போனா. அவ்வளவுதான். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், நாங்களும் சிரித்தோம்.

"எங்கட உம்மா கோழிக்கூட்டைத் திறந்து விட்டிட்டுத்தான் வந்தவ," என்றார் நானா. சொல்லிவிட்டுத் திரையை உறைக்குள் போட்டுக் கட்டத் தொடங்கினார்.

மார்க்கத்துக்குப் போகிற வழியெல்லாம் நான்தான் பேசினேன். முதல் ஷெல்லிலிருந்து கடைசிப் பகடை வரைக்கும், அவளும் அங்கே இருந்தாள் என்பதை மறந்து, அவளுக்கே சொன்னேன். யூனியன்வில் பக்கம் திரும்பும்போதுதான் மூளை வேலை செய்தது. இவள் வாயை மூடிக்கொண்டு ஒரு சுற்று இருந்திருந்தால் கப்பல் தாழ்ந்திருக்கும். மேசை போயிருக்கும். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்திருக்கும். பந்தயத்தில் தோற்பதற்காக ஏன் இவ்வளவு பாடுபட்டாள்?

கேட்டேன். அவள் வெயில் மறைப்பை இறக்கி, அதிலிருந்த கண்ணாடியில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பார்ட்டி ஹோலின் வாசலில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றும்போதுதான் பேசினாள்.

"அம்மா உடுப்புக்குப் போகேல்லை. அப்பப்பா உள்ளுக்க படுத்துக் கிடந்தவர். நடக்கவும் ஏலாது, என்னைத் தூக்க வேண்டாம், நீங்கள் போங்கோ எண்டு சொல்லிப்போட்டார். இன்னொருக்காக் கேட்டுப் பாப்பம் எண்டுதான் போனவ. நாங்கள் சின்னனுகள், அழுவம் எண்டு உடுப்பெண்டு சொன்னவ."

"பிறகு?"

"உடுப்பை எல்லாம் மடிச்சுக்கொண்டு வந்தா. தனியத்தான் வந்தா."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவளுடைய அப்பப்பா ஊரில் காலமானவர் என்று தெரியும். எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. எங்கோ பழைய போரில், யாரோ ஆறு பேர் குப்புறக் கிடந்ததை நினைத்து மயிர் சிலிர்த்தவன் நான். காரை ஒரு இடத்தில் விட்டேன், கோட்டுக்குள் விட்டேனா என்றுகூடப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து மேளச் சத்தம் கேட்டது.

அவள் கண்ணாடியை மூடினாள்.

"அந்தக் கொம்பியூட்டர் அறையை நாளைக்கே ஒதுக்குங்கோ," என்றாள். பிறகு கதவில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். "உள்ளுக்க ஆக்கள் கிடக்கேக்க, கப்பலை எப்பிடியப்பா தாழ விடுறது?"